மரத்தது சுண்டுவிரல், கோளாறு முழங்கையில்

இரண்டு மாதமாக இடது கைச் சுண்டுவிரல் மரத்துக்கொண்டிருந்தது. மோதிரவிரலிலும் பாதி, அதுவும் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மட்டும். எண்ணெய் தேய்த்தேன், வெந்நீரில் முக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு விரலில் இருந்தால்தானே!

நரம்பு மருத்துவர் விரலைத் தொடவே இல்லை. முழங்கையின் உட்புறம், எலும்பை ஒட்டிய பள்ளத்தில் விரல்நுனியால் தட்டினார். சுரீரென்று சுண்டுவிரல் வரை மின்சாரம் ஓடியது. 1915-இல் ழூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த சோதனையாம். அந்தப் பள்ளத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு தோலுக்குச் சற்றுக் கீழேதான் போகிறது. நடுவழியில் நசுங்கினாலும், சேதி விரலில் இருந்தே வந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது.

குற்றவாளி என் மேசை விளிம்பு. நாள் முழுக்க இடது முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கைவைத்துத்தான் கணினி பார்ப்பேன். அதை விட்டேன். போன் பேச இயர்போன். இரவில் கை மடங்காதிருக்க முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுத்தேன். வீட்டில் ஒரே சிரிப்பு. சரி, சிரிக்கட்டும். ஆறு வாரத்தில் மரப்பு போயிற்று. பள்ளத்தில் தட்டினால் மட்டும் இன்னும் லேசாகக் கூசுகிறது.