தனியார் நிதியில் ஆய்வா? கலிஃபோர்னியாவின் 700-யு படிவத்தை நிரப்புவது எப்படி

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலோ (யூசி) கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்திலோ நீங்கள் முதன்மை ஆய்வாளரா? குறிப்பிட்ட ஓர் ஆய்வுக்கென்று தனியார் நிறுவனம் பணம் தந்தால், பல்கலைக்கழகம் அதை இறுதியாக ஏற்கும் முன்பே 700-யு படிவம் (அந்த நிறுவனத்தோடு உங்களுக்கு உள்ள பணத் தொடர்புகளை அறிவிக்கும் படிவம்) கொடுத்தாக வேண்டும். 1974-ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருவது இது. நிதி நீட்டிக்கப்பட்டால் இன்னொரு படிவம். முழுக்க அரசு நிதி என்றால் வேண்டாம். விலக்குப் பட்டியலில் உள்ள லாபநோக்கற்ற அமைப்புகளின் நிதிக்கும் வேண்டாம்.

1. படிவத்தைத் திறக்கும் முன், நீங்கள் பெற்ற அன்பளிப்புகளுக்கு ஒரு கணக்குத் தாள். தேதி, கொடுத்தவர், பொருள், மதிப்பு, ரசீது என ஐந்து பத்திகள் போதும். செலவுக் கணக்குச் செயலிகள் இதற்குத் தோதில்லை: கொடுத்தவர் வாரியாகக் கூட்ட வேண்டும், அதற்குச் சாதாரண கூகுள் ஷீட்தான் சரி.

2. கேள்விகள் எல்லாமே நிதி தரும் அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றியவை. மற்றவர்கள் கொடுத்ததை எல்லாம் இங்கே கொட்ட வேண்டாம். அங்கே இயக்குநர், ஊழியர் போன்ற பொறுப்பு உண்டா? 2,000 டாலர் அல்லது அதற்கு மேல் முதலீடு? 500 டாலர் அல்லது அதற்கு மேல் வருமானம்? 500 டாலரைத் தாண்டிய கடன்? கடந்த 12 மாதத்தில் 50 டாலர் அல்லது அதற்கு மேல் அன்பளிப்பு? பயணச் செலவு?

முதலீட்டில் கணவன்/மனைவி, உங்களைச் சார்ந்த பிள்ளைகள் பெயரில் உள்ளதும் சேரும். தாய் நிறுவனத்தின் பங்கும் சேரும். பலதரப்பட்ட மியூச்சுவல் ஃபண்டு சேராது.

3. பலர் தவறவிடும் இடம் துணைவரின் சம்பளம். கலிஃபோர்னியாவில் அது இருவருக்கும் பொதுச் சொத்து. அதில் பாதி உங்கள் வருமானம். மனைவி அதே நிறுவனத்தில் வேலை பார்த்தால், நீங்கள் ஒரு காசு வாங்காவிட்டாலும் வருமானக் கேள்விக்கு ‘ஆம்’தான்.

4. அன்பளிப்பைத் தனித்தனியாகப் பார்த்து ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள். ஜனவரியில் 20 டாலர் கோப்பை, மே மாதம் 35 டாலர் இரவு உணவு: கூட்டினால் 55, எழுத வேண்டும். உணவில் உங்கள் பங்கின் மதிப்பு மட்டும். வேண்டாத பொருளைப் பயன்படுத்தாமல் 30 நாளுக்குள் திருப்பிவிட்டால், அல்லது முழு விலையையும் அதே கெடுவுக்குள் கொடுத்துவிட்டால், அது அன்பளிப்பே இல்லை. தகுதியுள்ள அறக்கட்டளைக்கும் கொடுக்கலாம், ஆனால் அதற்கு வரிக்கழிவு கேட்கக் கூடாது. எந்த வழியானாலும் தேதியுள்ள மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

5. கையெழுத்து, பொய்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டது. படிவம் பொது ஆவணம். யாரும் கேட்டுப் பார்க்கலாம். ‘ஆம்’ என்பது குற்றமல்ல. யூசியில் அது சுயேச்சைக் குழுவின் பரிசீலனைக்குப் போகும், முடியும் வரை பணம் நிற்கும். ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

சில நிர்வாகப் பதவிகளுக்கு உரிய 700 படிவம் வேறு. பதவியேற்ற 30 நாளுக்குள் ஒன்று, பிறகு ஆண்டுதோறும் ஏப்ரல் 1. அவர்கள் வாங்கும் அன்பளிப்புக்கு உச்சவரம்பும் உண்டு: 2025, 2026-க்கு ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 630 டாலர்.

என்.ஐ.ஹெச் (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) நிதியும் இருக்கிறதா? அது கூட்டாட்சி விதி. 700-யு கொடுத்ததால் தீராது. அங்கே அறிவிக்க வேண்டிய வரம்பு பொதுவாக ஓர் அமைப்பிடமிருந்து 12 மாதத்தில் 5,000 டாலருக்கு மேல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தரும் சொற்பொழிவு மதிப்பூதியத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது. சென்னையில் ஒரு பருவம் வருகைப் பேராசிரியராக இருந்து வாங்கிய தொகையும் கணக்கில் வரும். வரம்பு தாண்டியதிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் பல்கலைக்கழகத்திடம் சொல்லிவிட வேண்டும், ஆண்டுப் படிவம் வரும் வரை காத்திருக்கக் கூடாது.