வீட்டுல டென்னிஸ் கோர்ட் போடணுமா? மொதல்ல தண்ணி எங்க போகும்னு பாருங்க

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் ஊர்ல வெஸ்ட்வில் பக்கம் இந்த வீட்ட வாங்குனப்போ பின்பக்கம் சரிவா புதர் மண்டிக் கிடந்த எடத்தப் பாத்து வீட்டம்மா "முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்கலாம்"னாங்க, நான் டென்னிஸ் கோர்ட்டுன்னேன், சண்டை ஆறு மாசம் ஓடுச்சு. கடைசில முருங்கை ஒரு ஓரமா வந்துச்சு, கோர்ட்டும் வந்துச்சு. இப்ப கோயில்ல பாக்கறவங்க, ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியாவுல இருக்க சித்தப்பா பையன், எல்லாரும் "எவ்ளோ ஆச்சு, யாரு போட்டா, நீலமா பச்சையா"ன்னு கேக்கறாங்க, ஒருத்தர் கூட தண்ணி எங்க போகுதுன்னு கேக்கல. அதத்தான் மொதல்ல கேக்கணும். ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிடறேன்.

எடம் அளக்கறதுல இருந்து வரேன். கோடு போட்ட டபுள்ஸ் கோர்ட் 23.77 மீட்டர் நீளம், 10.97 அகலம், இது எல்லாருக்கும் தெரியும், ஆனா அத அளந்துட்டு "நம்ம எடத்துல பத்தும்"னு குதிக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க. கோர்ட்டோட கடைசிக் கோடு, அதாவது பேஸ்லைனுக்குப் பின்னாடி ஓட எடம் வேணும், சைடுல வேணும். வீட்டு அளவுக்கு பின்னாடி 5.48 மீட்டர், சைடுல 3.05 மீட்டர் விட்டா மொத்தம் சுமாரா 34.75க்கு 17. பெரிய மேட்ச் அளவுக்குன்னா 36.57க்கு 18.29. என்னோடது சின்ன அளவுதான், குறையா ஒண்ணும் தெரியல. அதுக்கும் கீழ இழுக்காதீங்க, பின்னாடி 3 மீட்டர்தான் இருக்குன்னா எதிராளி தலைக்கு மேல தூக்கி லாப் அடிச்சா, அதத் துரத்தி வேலில போய் முட்டிக்குவீங்க. எடம் பத்தலன்னா சின்னப் பசங்களுக்கான ரெட் கோர்ட் 10.97க்கு 5.49 மீட்டர்தான், அதோட ஒரு சுவரு கட்டிக் குடுங்க, எட்டு வயசு வரைக்கும் பசங்களுக்கு அது தாராளம். கண்ணாடிச் சுவருக்குள்ள ஆடற பேடல் கோர்ட் 20க்கு 10ல முடிஞ்சுடும், இங்க இப்ப அந்தக் காய்ச்சல்தான் ஊரெல்லாம், ஆனா கண்ணாடில பந்து படற சத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்னு யோசிச்சுக்கோங்க.

அடுத்து திசை. கோர்ட்டோட நீளம் வடக்கு தெக்கா இருக்கணும், அப்பதான் காலைலயும் சாயங்காலமும் வெயில் யார் கண்ணுலயும் நேரா அடிக்காது. இது நம்ம ஊருக்கும் பொருந்தும். ஆனா நம்ம ஊர்ல இருந்து வந்தவங்க ஒரு விஷயத்துல கோட்டை விடுவோம், நானும் விட்டேன். இங்க சூரியன் மத்தியானத்துல வடக்க நிக்கும். டர்பன்ல ஜூன் மாசம் மத்தியானம் 12 மணிக்கே சூரியன் ரொம்பத் தாழ்ந்துதான் இருக்கும், 6 மீட்டர் உயர சுவரு வடக்குப் பக்கம் இருந்தா அதோட நிழல் 8 மீட்டர் வந்து விழுது. என் மாடி வீடு கோர்ட்டுக்கு வடக்கால. அதனால குளிர்காலம் பூரா அந்தப் பக்கம் பேஸ்லைன் காயவே காயாது, பாசி பிடிக்கும், வழுக்கும். எடம் இருந்தா வீட்ட விட்டு தள்ளிப் போடுங்க, இல்ல வீட்டுக்கு வடக்கால போடுங்க.

வெட்டறதுக்கு முன்னாடி டைட்டில் டீட, அதான் வீட்டுப் பத்திரத்த, எடுத்து ஒக்காந்து படிங்க. இங்க நெறைய பிளாட்ல சர்விட்யூட் இருக்கும், அதாவது முனிசிபாலிட்டி சாக்கடை லைனோ மழைத்தண்ணி பைப்போ உங்க பின்கட்டுல ஓடும், அது மேல கட்ட முடியாது. என் எடத்துல மூலைல ஒரு மேன்ஹோல் புதருக்குள்ள ஒளிஞ்சு கிடந்துச்சு, அதுக்காக கோர்ட்ட 2 மீட்டர் நகத்த வேண்டியதாச்சு, மொதல்லயே பாத்ததுனால பேப்பர்ல நகத்தினோம், இல்லன்னா கான்கிரீட்ட உடைச்சிருக்கணும். ரிட்டெய்னிங் வால், உயரமான வேலி, லைட் கம்பம் இதெல்லாம் வரும்போது பிளான் கொண்டு போய் எத்தெக்வினி (டர்பன் முனிசிபாலிட்டி) பில்டிங் ஆபீஸ்ல காட்டிட்டு வந்துடுங்க, அப்பறம் எவனாவது கம்ப்ளைன்ட் குடுத்தா அலையறது நீங்கதான்.

சரி, இப்ப மண்ணு. காசு போக வேண்டிய எடம் இதான். டர்பன்ல பாதி எடம் மேடும் பள்ளமும், அதனால ஒரு பக்கம் வெட்டி இன்னொரு பக்கம் கொட்டித்தான் சமப்படுத்துவாங்க. கொட்டுன பக்கம் எப்பவும் கொஞ்சம் எறங்கும், எறங்குனா கோர்ட்டு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி விரியும். பெரேயா சிவப்பு மணல் இருக்க ஏரியான்னா தண்ணி பட்டா அரிச்சுக்கிட்டு ஓடிடும், களிமண்ணுன்னா நனைஞ்சா உப்பும் காஞ்சா சுருங்கும். அதனால கொட்டற மண்ண 150 மில்லிமீட்டர் 150 மில்லிமீட்டரா போட்டு ரோலர் விட்டு இறுக்கணும், 95 சதவீதம் மாட் ஆஷ்டோ (மண்ணு எவ்ளோ இறுகியிருக்குன்னு பாக்கற அளவு) வந்துச்சான்னு லேப் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, "நான் இருபது வருஷமா போடறேன் சார், காலால மிதிச்சாலே தெரியும்"னு சொல்றவன அப்படியே அனுப்பிடுங்க. அது மேல ஜி5ங்கற தரத்துச் சரளை. கீழ்ப்பக்கம் தாங்கறதுக்கு லோஃபல்ஸ்டைன்ங்கற கான்கிரீட் பிளாக் அடுக்கறதுதான் இங்க வழக்கம், அதுக்குள்ள செடி வைக்கலாம், அழகாத்தான் இருக்கும், ஆனா உயரமாப் போச்சுன்னா இன்ஜினியர் கையெழுத்து இல்லாம தொடாதீங்க. ஜோபர்க் பக்கம் இருக்கறவங்களுக்கு வேற தலைவலி, சென்சூரியன் மாதிரி டோலமைட் (தண்ணில கரையற பாறை) பூமில தண்ணி ஒரே எடத்துல எறங்குனா பூமியே உள்வாங்கிடும், அங்க மண்ண சோதிச்ச ஜியோடெக் ரிப்போர்ட் இல்லாம கடப்பாரைய எடுக்கவே கூடாது.

தண்ணி. கோர்ட்டு லெவலா இருக்கக் கூடாது. ஆமா, கூடாது. ஒரே சரிவா, ஒரு சைடுல இருந்து இன்னொரு சைடுக்கு, 100க்கு 1 கணக்குல சாய்க்கணும், 17 மீட்டர் அகலத்துக்கு 17 சென்டிமீட்டர். ஆடும்போது கண்ணுக்குத் தெரியாது. நெட்டு பக்கம் மேடா வச்சு ரெண்டு பக்கமும் சாய்க்கறேன்னு ஒருத்தர் கொட்டேஷன்ல எழுதியிருந்தார், அது தப்பு, நெட் உயரமே கணக்கு மாறிப்போகும். மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி மேல இருந்து வர்ற தண்ணிய கோர்ட்டுக்கு வராமலே திருப்பி விடணும், மண்ணுக்கடில ஊறி வர்றதுக்கு ஓட்ட போட்ட ஏஜி பைப்ப, தண்ணிய விட்டு மண்ண தடுக்கற பிடிம் துணி சுத்தி சரளைல பொதைக்கணும், பள்ளப் பக்கம் கிரேட்டிங் (கம்பி மூடி) போட்ட கான்கிரீட் வாய்க்கால். என் கோர்ட்டு கிட்டத்தட்ட 590 சதுர மீட்டர். 2022 ஏப்ரல் வெள்ளத்தப்போ டர்பன்ல சில எடத்துல 24 மணி நேரத்துல 300 மில்லிக்கு மேல கொட்டுச்சு, அந்தக் கணக்குல என் கோர்ட்டு மேல மட்டும் 1,77,000 லிட்டர். அன்னைக்கு ராத்திரி டார்ச் லைட்ட வச்சுக்கிட்டு ஜன்னல்ல நின்னேன், வாய்க்கால் நெறைஞ்சு பழுப்புத் தண்ணி உருளுது, மேட்டுல இருந்து ஒரு வாழை மரம் வேரோட வந்து கிரேட்டிங்ல குறுக்க மாட்டிக்கிச்சு. ஓடிப்போய் கால் நனைய இழுத்துப் போட்டேன். அந்தத் தண்ணி நேரா கீழ் வீட்டுக்காரங்க சுவருக்குப் போயிருந்தா சுவரு நின்னிருக்காது. அவங்க எடத்துக்குத் தண்ணிய திருப்பி விட நமக்கு உரிமையும் கெடையாது. அந்த வாரம் நானூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க இந்த மாகாணத்துல, அதனால வாய்க்கால்ல மிச்சம் பிடிக்கலாம்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம்தான் வருது.

கான்கிரீட்டா தாரான்னு கேப்பீங்க. தாரு சீப்பு, சீக்கிரம் முடியும், ஆனா டர்பன் வெயில்ல எளகும், வருஷம் போகப் போக கீறல் விழும், செடி மொளச்சு வரும். நான் கான்கிரீட் போட்டேன், 125 மில்லி, அடில பிளாஸ்டிக் ஷீட்டு, நடுவுல ரெஃப் 193 இரும்புக் கம்பி மெஷ். மொத்தம் 74 கியூபிக் மீட்டர், 6 கியூபிக் மீட்டர் புடிக்கற ரெடிமிக்ஸ் லாரி பன்னெண்டு பதிமூணு வரணும், எங்க தெருவுல அது திரும்பவே எடமில்ல, அதனால பம்ப் வாடகைக்கு எடுத்தோம், அந்தச் செலவ மொதல்லயே சேத்துக்கோங்க. ஜாயின்ட் எங்கயாவது வரத்தான் செய்யும், நெட்டுக்கு நேர் கீழ வர்ற மாதிரி பாத்துக்கிட்டா பந்து அங்க பட வேலையே இல்ல. நெட் போஸ்ட நேரா கான்கிரீட்ல நட்டுடாதீங்க, குழாய் பொதைச்சு அதுக்குள்ள சொருகற மாதிரி வைங்க, போஸ்ட் வளைஞ்சா மாத்திக்கலாம். டபுள்ஸ் கோட்டுல இருந்து 0.914 மீட்டர் வெளிய போஸ்ட், அங்க நெட் உயரம் 1.07, நடுவுல 0.914.

என் அவசரத்தால வந்த வினைய இங்க சொல்லணும். கான்கிரீட் போட்டா பெயிண்ட் அடிக்க 28 நாளாவது ஆறணும். கலர் அடிக்க வந்தவர் வேற வேலை இருக்குன்னு மூணாவது வாரமே வந்து நின்னார், நானும் தீபாவளிக்குள்ள ரெடியாகட்டும்னு தலையாட்டிட்டேன். ஒரு மாசத்துல சர்வ் விழற கட்டம் (சர்வீஸ் பாக்ஸ்) பூரா கொப்புளம், பொரிச்ச அப்பளம் மாதிரி, வெரலால அமுக்குனா புசுக்குனு ஈரம். எல்லாத்தையும் சொரண்டி மறுபடி அடிச்சோம், அந்த ஆளு போன எடுக்கறத விட்டுட்டார். ரெண்டாவது வாட்டி ஜூலைல அடிச்சோம், டர்பன்ல அக்ரிலிக் பெயிண்ட் வேலைக்கு மே முதல் ஆகஸ்ட் வரைதான் சரி, மழை கம்மி, ஈரக்காத்தும் கம்மி. கலர் அடிக்கறதுக்கு முன்னாடி ஹோஸ் வச்சு கோர்ட்டு முழுக்க தண்ணி விட்டு ஒரு மணி நேரம் வெயில்ல விட்டுப் பாருங்க, காசு தடிமனுக்கு மேல எங்கயாவது குட்டை நின்னா சாக்பீஸ்ல வட்டம் போட்டு அத நெரப்பச் சொல்லுங்க. எனக்கு ஒம்பது வட்டம் வந்துச்சு. பெயிண்ட்ல கலக்கற மணல்தான் பந்தோட வேகத்த முடிவு பண்ணுது, மணல் ஜாஸ்தின்னா சொரசொரப்பு ஜாஸ்தி, பந்து மெதுவா எழும்பும், வயசானவங்க ஆடற வீட்டுக்கு அதான் நல்லது.

எங்க மாமனார் டர்பன்ல இந்தியர்கள் ஏரியாவான சாட்ஸ்வர்த்ல வளந்தவர், கோர்ட்ட சுத்திப் பாத்துட்டு "எங்க காலத்துல புத்து மண்ண இடிச்சு இறுக்கித்தான் கோர்ட்டு மாப்ள"ன்னார். கரையான் புத்து மண்ணு கோர்ட்டு இந்த நாட்டுல அப்ப சகஜம். அதே புத்துக்குத்தான் நம்மாளுங்க மாரியம்மன் கோயில்ல மஞ்சளும் குங்குமமும் வச்சுக்கிட்டு இருந்தாங்க. அது நிறவெறி காலம், நல்ல கோர்ட்டுக்குள்ள அவர விடமாட்டாங்க, வேலிக்கு வெளிய நின்னு பந்து பொறுக்கியிருக்கார். 1974ல நாடுகளுக்கு நடுவுல நடக்கற டேவிஸ் கப் போட்டில அமிர்தராஜ் பிரதர்ஸ் இருந்த இந்தியா டீம் ஃபைனல் வரைக்கும் வந்தப்ப எதிர்ல சவுத் ஆப்பிரிக்கா, நிறவெறிய எதிர்த்து இந்தியா ஆட மாட்டேன்னு ஒதுங்கிக்கிச்சு, கப்பு ஆடாமலே இவங்களுக்குப் போச்சு. "அந்த மெட்ராஸ் பசங்களுக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்"னு இப்பவும் சொல்லுவார். அவருக்காக வாய்க்கால் பக்கம் ஒரு பெஞ்சு போட்டிருக்கேன், ஆடறத விட தப்பு சொல்றதுதான் அவருக்குப் புடிக்கும்.

வேலிக்கு 3 மீட்டர் உயர டயமண்ட் மெஷ் போதும், பிளாஸ்டிக் கோட்டிங் உள்ளதா வாங்குங்க, கடக்காத்து சாதா கம்பிய ரெண்டு வருஷத்துல தின்னுடும். லைட்டு எல்இடிதான், கரண்ட் கட் காலத்துல சோலார் பேட்டரில ரெண்டு கம்பத்த மட்டும் எரிய விட்டு ஆடியிருக்கோம். ராத்திரி ஒம்பதுக்கு மேல அணைச்சுடுங்க, பக்கத்து வீட்டு நட்பு லைட்டு பில்ல விட முக்கியம். ஜோபர்க்காரங்க பந்து வாங்கும்போது ஹை ஆல்டிட்யூட் பந்தான்னு பாருங்க, 1,219 மீட்டர் உயரத்துக்கு மேல சாதா பந்து எகிறிக்கிட்டுப் போகும், அப்பறம் ராக்கெட்ட குறை சொல்லாதீங்க.

பராமரிப்பு பெருசா இல்ல. எலை கூட்டணும், பாசிக்கு லேசான குளோரின் தண்ணி ஊத்தி மெத்துன பிரஷ்ல தேய்க்கணும், பிரஷர் வாஷர கிட்ட வச்சு அடிச்சா பெயிண்டே உரிஞ்சு வந்துடும். எனக்கு தலைவலி பக்கத்து எடத்து உம்டோனி மரம், நம்ம நாவல் மரத்தோட ஜாதிதான், பழ சீசன்ல குரங்குக் கூட்டம் வேலி மேல ஒக்காந்து தின்னுட்டு கோர்ட்டுல துப்பும், ஊதாக் கறை அன்னைக்கே கழுவலன்னா போகாது. சொந்தக்காரங்க பிறந்தநாள் விருந்துக்கு கோர்ட்ட கேப்பாங்க, குடுங்க, ஆனா கறி சுடற பிராய் அடுப்ப மட்டும் உள்ள வைக்க விடாதீங்க, என் மச்சான் வச்ச கரி ஒண்ணு விழுந்து பேஸ்லைன் பக்கத்துல ஒரு ரூபா அளவுக்கு வட்டமா கருகிப்போச்சு, அது இன்னும் இருக்கு. இரும்புக் காலு நாற்காலிக்கு அடில பழைய கார்ப்பெட் போட்டுக்கோங்க. அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா மறு கோட்டிங் வரும், அதுக்கு மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வைங்க. ஆடி முடிச்சுட்டு நெட் கைப்பிடிய நாலு சுத்து தளர்த்தி விடுங்க, விறைப்பாவே விட்டா போஸ்ட் ரெண்டும் கொஞ்சங் கொஞ்சமா உள்ள சாயும், என் வீட்டுல இத செய்யற வேலை கடைசியா கோர்ட்ட விட்டு வர்றவங்களோடது, பெரும்பாலும் நான்தான்.