லீவு நாளை மதுரைக்காரர்கள் பாழாக்கும் விதம்

வாரம் ஆறு நாள் கடையிலோ கம்பெனியிலோ உழைத்துவிட்டு, ஏழாம் நாள் குடும்பத்தோடு சிரித்துப் பேச முடியவில்லை என்றால் காசு இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறோம். மதுரையில் அது பாதிகூட உண்மையில்லை. காசில்லாமல் பொழுது போக்க இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. நாம்தான் கிடைத்த ஒரு நாளையும் இன்னொரு வேலையாக மாற்றிக்கொள்கிறோம்.

முதல் தவறு, ஒரே நாளில் கொடைக்கானல் போய்த் திரும்புவது. கொடைக்கானல் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர், அதில் பிற்பாதி மலை வளைவு. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். விடிவதற்குள் கிளம்பி, வத்தலக்குண்டில் காபி குடித்து, மேலே ஏறியதும் வண்டி நெரிசலில் மாட்டி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினால் வீடு சேர நடுராத்திரி. வண்டி ஓட்டியவருக்கு இடுப்பு வலி, பிள்ளைக்கு வாந்தி. திங்கட்கிழமை வேலைக்குப் போவதே ஓய்வாகத் தெரியும். இரண்டு ராத்திரி தங்க முடிந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் அந்த வாடகைக் கார் காசில் உள்ளூரிலேயே பல ஞாயிறுகளைச் சந்தோஷமாகக் கழிக்கலாம்.

அடுத்தது நம் பக்கத்துக்கே உரிய தவறு: விசேஷ வீட்டுக்குப் போய் வந்ததைக் குடும்ப நேரமாகக் கணக்கு வைப்பது. காதணி விழா, வசந்த விழா, சடங்கு, புதுமனை புகுவிழா என்று முகூர்த்த மாதங்களில் ஒரு ஞாயிறும் மிஞ்சுவதில்லை. போகாமலும் இருக்க முடியாது; அவர்கள் நமக்குச் செய்தது மொய் நோட்டில் இருக்கிறது. ஆனால் மண்டபத்தில் என்ன நடக்கிறது? அப்பா மொய் எழுதும் மேஜையருகே, அம்மா சொந்தக்காரப் பெண்களோடு, பிள்ளைகள் ஒரு மூலையில் போனோடு. ஸ்பீக்கர் அலறலில் பக்கத்து நாற்காலிக்காரரிடமே பேச முடியாது. அது கடமை, மறுக்கவில்லை. செய்துவிட்டு வாருங்கள். தூரத்துச் சொந்தம் என்றால் வீட்டுக்கு ஒருவர் போய் மொய்யை எழுதிவிட்டு வந்தால் போதும். மற்றவர்களின் ஞாயிறு தப்பிக்கும். முறைக்காகக் கோபித்துக்கொள்பவர்கள் அடுத்த விசேஷத்தில் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

எனக்கு ரொம்ப உறுத்துவது இன்னொன்று. நாளைக்கு எங்காவது போகலாம் என்று சொன்னதும் வீட்டில் யாருக்கு வேலை கூடுகிறது? நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, பிள்ளைகளைக் கிளப்பி, திரும்பி வந்து அத்தனை டிபன் பாக்ஸையும் கழுவிக் கவிழ்க்கிறவருக்கு அன்றைக்கும் வேலைநாள்தான், சமையலறை மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. கட்டுச்சோறு செலவைக் குறைக்கும், சரி. கிளறுகிற கை மாறட்டும். அல்லது கட்டுச்சோறே வேண்டாம்: சாயங்காலம் கிளம்பி ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால், ராத்திரிக்கு ரோட்டோரக் கடையில் இட்லியும் நாலு சட்னியும். இட்லிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஞாயிறு ராத்திரியும் வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டுமா?

நேரம் பார்க்காமல் கிளம்புவதும் உண்டு. மீனாட்சி அம்மன் கோவில் நடை மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். தெரிந்தும் பதினொன்றரைக்குக் கிளம்பி, சித்திரை வீதிச் சூட்டில் பிள்ளையை அழவைக்கிறோம். பொழுது சாய்ந்தபின் போங்கள். ராத்திரி நடை சாத்துவதற்கு முன் சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னிதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். தினமும் நடப்பதாலேயே உள்ளூர்க்காரர்கள் பலர் அதைப் பார்த்ததில்லை. 2018-லிருந்து உள்ளே செல்போனுக்குத் தடை. தொல்லை என்கிறார்கள்; ஒரு குடும்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போன் இல்லாமல் இருக்க இந்த ஊரில் வேறு இடம் ஏது? தெப்பக்குளத்தில் அந்தத் தடை இல்லை. அதனால்தான் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, காற்று வாங்க வந்ததையும் மறந்து ஆளுக்கொரு ரீல்ஸ் பார்க்கிறார்கள்.

அப்புறம், பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கூட்டிப்போவதுபோல் மியூசியத்துக்குக் கூட்டிப்போவது. காந்தி மியூசியத்திலும் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அங்கேயும் போய், “இந்தப் பலகையைப் படி, எந்த வருஷம் சொல்லு” என்றால் அடுத்த தடவை பிள்ளை வராது. ஊருக்குத் தென்கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழடி அருங்காட்சியகம். கீழடியில் தோண்டியெடுத்தவற்றில் பகடையும் ஆட்டக்காய்களும் சில்லுகளும் உண்டு. பிள்ளை அதன் முன்னாலேயே அரை மணி நேரம் நின்றால் நிற்கட்டும், மற்றதைப் பார்க்காவிட்டால் போகிறது. வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுங்கள். அப்பத்தாவைக் கூப்பிட்டால் எல்லோரையும் அவரே ஜெயிப்பார்.

காலையிலேயே எழுகிற குடும்பம் என்றால் கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். மேலே பாறையில் சமணச் சிற்பங்கள். வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. அழகர்கோவில் போனால் தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்குகளுக்குத் தாராள மனசு கிடையாது.

எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கே தள்ளிப்போடுவதும் தவறுதான். வேலை முடிந்து டீக்கடையில் ஒரு மணி நேரம் ஆறிவிட்டு வருகிறவர், வீட்டில் இருப்பவருக்கும் அப்படி ஒரு மணி நேரம் தேவை என்பதை மறந்துவிடுகிறார். வாரத்தில் இரண்டு நாள் அந்த டீயை வீட்டு வாசலில் இருவருமாகக் குடிக்கலாம். கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் பேச்சு டம்ளர் காலியான பிறகு. மாசி வீதிக் கடைகளில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கியபின் வீடு திரும்புகிறவர்களுக்கு இது நடக்காது. அவர்களுக்குக் காலைதான் நேரம்: ஸ்கூல் ஆட்டோவை வாரத்தில் ஒரு நாள் நிறுத்திவிட்டு, பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையோடு நடந்து போகலாம்.