இரண்டாவது மலைக்குப் போகும் முன்: பென் லாயர்ஸ் நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென் லாயர்ஸின் உயரம் 1,214 மீட்டர். ஊட்டி நகரமே 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே பஸ்ஸில் போய் இறங்கி, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்பியவர்களிடம், ஸ்காட்லாந்தின் பத்தாவது உயரமான மலை இது என்று சொன்னால் "இவ்வளவுதானா?" என்று கேட்பது இயல்பு. எங்களோடு முதன்முறையாக வந்த நண்பர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். நாங்களும் அதை மறுக்கவில்லை. அன்று நடந்த தவறுகள் பலவற்றுக்கும் தொடக்கம் அதுதான்.

நீலகிரி பூமத்தியரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கே இருக்கிறது. பென் லாயர்ஸ் 56 டிகிரிக்கும் வடக்கே. வேலியிட்டுக் காக்கும் அடிவாரப் பகுதியைத் தாண்டிவிட்டால் ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் காற்றைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ள கார் நிறுத்துமிடத்தில் 12 டிகிரி வெப்பம் இருந்தால், உச்சியில் ஏழு டிகிரிதான் எதிர்பார்க்கலாம். அங்கே மணிக்கு 40 மைல் வேகத்தில் காற்றும் அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது உறைநிலையாகத்தான் படும். ஆகவே ஸ்காட்லாந்து மலையை மீட்டர் கணக்கில் எடைபோடுவதுதான் முதல் தவறு. அன்றைய காற்றின் வேகமும் மேகத்தின் அடிமட்டமும் தெரியாத வரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இந்த நடையில் இரண்டு மலைகள். டே ஏரிக்கு வடக்கே, கிலின் என்ற சிற்றூரிலிருந்து சற்றுத் தொலைவில், ஒற்றைத் தடச் சாலையில் ஏறிப் போனால் கார் நிறுத்துமிடம் வரும். அங்கிருந்து எட்ரமக்கி ஓடையை ஒட்டி நடந்து, வலப்பக்கம் பிரியும் பாதையில் ஏறினால் முதலில் வருவது 1,103 மீட்டர் உயர பெய்ன் க்ளாஸ். பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தைக் குறிக்கும் கேலிக் மொழிப் பெயர் அது. அதன் வடகிழக்கே, ஏறத்தாழ நூறு மீட்டர் இறங்கி மீண்டும் இருநூறு மீட்டருக்கு மேல் ஏறினால் பென் லாயர்ஸ். கீழிருந்து பார்க்கும்போது பெய்ன் க்ளாஸ் தன் அண்டை மலையை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கும். முதல் மலையில் ஏறி நின்ற பிறகுதான் இரண்டாவது மலை கண்ணில் படும். இந்த நடையின் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

புறப்படும் நேரம்

வில்லியம் நேஸ்மித் என்பவர் 1892-ல் வகுத்த ஒரு கணக்கை மலை நடப்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்த இரு மலைகளுக்கும் சேர்த்துப் போக வர சுமார் 11 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டருக்குச் சற்று மேல். கணக்குப்படி மூன்றே முக்கால் மணி நேரம். பலர் இந்த எண்ணை அப்படியே நம்பிப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஓய்வும் சாப்பாடும் படம் எடுப்பதும் வழி பார்ப்பதும் இதில் சேரவில்லை. ஐந்து பேர் கொண்ட நண்பர் குழுவுக்கு ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் வைப்பதுதான் சரி.

நாங்கள் போனது அக்டோபர் கடைசி. பிரிட்டனில் அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். முந்தைய வாரம் ஆறு மணிக்கு அருகில் மறைந்த சூரியன் அந்த வாரம் நாலரை மணிக்கெல்லாம் போய்விடும். கிலினில் டோகார்ட் அருவியைப் பார்த்துவிட்டு, தேநீரும் குடித்துவிட்டு, காலை பதினொரு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பதினொன்றுடன் ஆறைக் கூட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நெற்றி விளக்கு இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் நாடு இது. அந்தப் பழக்கத்தில் இலையுதிர்காலத்துக்குள் நுழைபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பருவம் எதுவானாலும் ஆளுக்கொரு விளக்கு பையில் இருக்க வேண்டும்.

உடையும் உணவும்

ஜீன்ஸ் அணிந்து மலைக்கு வரக் கூடாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு விடாது. ஏறும்போது வியர்வையில் நனைந்தது, நின்றதும் உடற்சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே சீக்கிரம் உலரும் சட்டை, நடுவே கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத மேலங்கி என்ற மூன்று அடுக்கு முறை பலருக்குத் தெரியும். தெரிந்தும் செய்யும் தவறு ஒன்று உண்டு: குளிர்ந்த பிறகு அடுக்கைச் சேர்ப்பது. உச்சிக்கு ஐந்து நிமிடம் முன்பே, பாறை மறைவு ஏதாவது கிடைக்கும் இடத்தில் நின்று, மேலங்கியையும் தொப்பியையும் போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் பையைத் திறந்தால் கையுறை காற்றோடு போகும். கையுறை இரண்டு ஜோடி வேண்டும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புளியோதரையைவிட நல்ல வழிச்சோறு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விறைத்த விரல்களால் டப்பாவைத் திறந்து, காற்றில் பறக்காமல் அதை வாய்க்குக் கொண்டுபோவது நடவாத காரியம். சாதத்தைக் கீழே ஏதாவது கல்மறைவில் உட்கார்ந்து சாப்பிடலாம். மேலே போகும்போது, கையுறையோடு எடுத்து நடந்துகொண்டே மெல்லக்கூடியவை சட்டைப் பையில் இருக்கட்டும்: கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரொட்டிச் சுருள். பசி தெரிவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். களைப்பு முற்றிய ஒருவருக்குப் பசியும் தெரியாது, குளிரும் சரியாகத் தெரியாது.

மேகம் இறங்கினால்

பெய்ன் க்ளாஸின் தென்மேற்கு முகட்டில் ஏறுகிறவர்களுக்குப் பொய் உச்சிகள் காத்திருக்கும். "வந்துவிட்டோம்" என்று நிமிர்ந்தால் அதற்கு மேல் இன்னொன்று தெரியும். தெளிந்த நாளில் இது அலுப்பு தரும், அவ்வளவுதான். மேகத்துக்குள் நிற்கும்போது எந்த உச்சியில் இருக்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

பாதை நன்றாகத்தானே இருக்கிறது, கைபேசியில் வரைபடமும் இருக்கிறது என்று தாள் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். குளிரில் கைபேசியின் மின்கலம் பாதி இருக்கும்போதே அணைந்துவிடுவதுண்டு. மழை பட்ட திரை விரலுக்குக் கட்டுப்படாது. கைபேசியை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள், வரைபடத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள். இருந்தாலும் 1:25,000 அளவுள்ள தாள் வரைபடம் ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். இந்த நடைக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டிய திசை ஒன்றே ஒன்று: பெய்ன் க்ளாஸ் உச்சியிலிருந்து வடகிழக்கு. திரும்பும்போது லாயர்ஸ் உச்சியிலிருந்து தென்மேற்கு. லாயர்ஸிலிருந்து வடக்கே போகும் முகடு ஆன் ஸ்டூக் என்ற மலைக்கு இட்டுச் செல்லும். கிழக்கே இறங்கும் முகடு லாயர்ஸ் கிராமத்தின் பக்கம் கொண்டுபோய் விடும். மூடுபனியில் தெம்பாக நடந்து தவறான பக்கம் இறங்கினால், காரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சேருவீர்கள். உச்சியில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்த பிறகு நாம் எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பது மறந்துபோகும். கிளம்புவதற்கு முன் அரை நிமிடம் நின்று திசைகாட்டியைப் பாருங்கள்.

வானிலையை நகரத்துக்கான முன்னறிவிப்பில் பார்ப்பதும் தவறு. மலைகளுக்கென்றே தனி வானிலைத் தகவல் சேவை இருக்கிறது. பிரிட்டன் வானிலைத் துறையும் மலைப்பகுதி அறிக்கை தருகிறது. அதில் முதலில் மேல்மட்டக் காற்றைப் பாருங்கள், மழையைப் பிறகு பார்க்கலாம்.

நண்பர்களுக்குள் நிலவும் மௌனம்

நான் சொல்ல வந்ததே இதைத்தான். கருவிகளைக் கடையில் வாங்கிவிடலாம், இதை வாங்க முடியாது.

குழுவாக நடக்கும்போது வேகமானவர்கள் முன்னால் போய் ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கே மேலும் ஓய்வு கிடைக்கிறது. ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை. நாள் முழுதும் இப்படியே நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கும், அதோடு பேசுவதையும் நிறுத்திவிடுவார். தாமதத்துக்குக் காரணம் தான்தான் என்ற எண்ணம் அவரை வாயடைக்க வைக்கிறது. மெதுவாக நடப்பவரை முன்னால் அல்லது இரண்டாவதாக நடக்க விடுங்கள். குழுவின் வேகம் அவருடைய வேகமாக இருக்கட்டும்.

அன்று பெய்ன் க்ளாஸ் உச்சியை அடைந்தபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. மேகம் இறங்கியிருந்தது. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை மன்ரோ என்பார்கள். சர் ஹியூ மன்ரோ 1891-ல் வெளியிட்ட பட்டியலால் வந்த பெயர். இன்றைய கணக்கில் மொத்தம் 282. இந்த இரண்டும் அதில் அடக்கம். "இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை, போனால் இரண்டு மன்ரோ" என்று ஒருவர் சொன்னார். எண்ணுக்கு அப்படி ஓர் ஈர்ப்பு. 4,000 அடி என்று நம்பிய பென் லாயர்ஸ் அளந்து பார்க்கையில் 17 அடி குறைந்தது என்பதற்காக, 1878-ல் மால்கம் பெர்கூசன் என்பவர் ஆட்களைத் திரட்டி உச்சியில் இருபதடிக் கற்குவியல் எழுப்பினார். நில அளவைத் துறை அதைக் கணக்கில் எடுக்கவில்லை. குவியலும் இன்று இல்லை.

நாங்கள் இரண்டு மலைகளுக்கும் இடையே உள்ள கணவாய்க்கு இறங்கினோம். அங்கே அந்த முதன்முறை நண்பர் தண்ணீர் எடுக்கப் பையின் ஜிப்பை இழுத்தார். இழுக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை. பேசியபோது நாக்கு குழறியது. மாற்றுக் கையுறையை மாட்டி, இன்னொருவரின் மேலங்கியைப் போர்த்தி, இனிப்பான தேநீர் கொடுத்து, லாயர்ஸைப் பார்க்காமலே திரும்பினோம். முதல் உச்சியிலேயே குளிர் தாங்க முடியவில்லை என்பதைக் காரில் ஏறிய பிறகுதான் அவர் சொன்னார். "நீங்கள் நாலு பேரும் சந்தோஷமாக இருந்தீர்கள், நான் எப்படிக் கெடுப்பது?" என்றார். அவரைக் கேட்காதது எங்கள் பிழை. "எல்லாரும் சரிதானே?" என்று பொதுவாகக் கேட்டோம், அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போதெல்லாம் காலையிலேயே, கார் நிறுத்துமிடத்தில், மூன்று விஷயங்களைப் பேசி முடிவு செய்கிறோம். முதல் உச்சியில் எத்தனை மணிக்கு மேல் ஆனால் திரும்புவது. யார் ஒருவர் போதும் என்றாலும் காரணம் கேட்காமல் எல்லாரும் திரும்புவது. குழுவைப் பிரிக்காமல் இருப்பது. உச்சியில் ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்கிறோம்: கைவிரல் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், முழங்கால் வலிக்கிறதா? இறக்கம் இன்னும் பாதி நாள் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துப் பதில் சொல்லச் சொல்கிறோம்.

இறங்கும் வழி

கணவாயிலிருந்து பெய்ன் க்ளாஸ் மீது மறுபடி ஏறாமல், அதன் வடக்குச் சரிவை ஒட்டி ஒரு பாதை போகிறது. கோடையில் அதுவே சுகமான வழி. குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் அதே வழியை நம்புவது பெரும் தவறு. வெயில் படாத அந்தச் சரிவில் பனி இறுகிக் கிடக்கும். வழுக்கினால் நிற்க இடமில்லை. பனிக்கோடரியும், காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டமான கிராம்பனும் பையில் இருந்தால் போதாது, பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் பனிச்சரிவு எச்சரிக்கைச் சேவை ஆறு பகுதிகளுக்குத்தான் அறிக்கை தருகிறது. லாயர்ஸ் அவற்றில் ஒன்று அல்ல. கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் மலைச்சாலைக்கும் குளிர்காலத்தில் உப்பு தூவுவதில்லை.

பாதையை விட்டு விலகிக் குறுக்குவழியில் இறங்காதீர்கள். இந்த மலைத்தொடரின் சுண்ணாம்புச் சத்துள்ள பாறைகளில், பிரிட்டனில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஆல்பைன் செடிகள் வளர்கின்றன. ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளை 1950 முதல் இந்த நிலத்தைக் காத்து வருகிறது. ஆடும் மானும் மேயாதபடி வேலியிட்டு மலை வில்லோ என்ற குறுஞ்செடிகளை மீட்டெடுத்திருக்கிறது. வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டு வாருங்கள்.

யாருக்காவது அடிபட்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். ஆம்புலன்ஸ் என்று கேட்பதுதான் பலர் செய்வது. மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பேச்சுக்குப் போதாத சிக்னலிலும் குறுஞ்செய்தி போகும், ஆனால் அதற்கு வீட்டிலிருக்கும்போதே ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஊதுங்கள்.

கீழே வந்ததும் முழங்காலின் பின்புறத்திலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதன் மூலம்தான் பரவுகிறது. பிறகு, காலையில் "இந்த வழியாகப் போகிறோம், ஆறு மணிக்குள் வந்துவிடுவோம்" என்று யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களோ, அவரை மறக்காமல் அழையுங்கள். கார் நிறுத்துமிடத்தில் சிக்னல் இல்லையென்றால் கிலின் போய்ச் சேர்ந்ததும், தேநீருக்கு உட்காருவதற்கு முன் அழையுங்கள்.