அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சில்: உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபையில் உதவி பெற்ற ஒரு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக ஆராதனைக்கு வராமல் போவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். முதலில் கடைசி வரிசைக்குப் போவார்கள். பிறகு ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்து போய்விடுவார்கள். கடைசியில் வரவே மாட்டார்கள். "இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே" என்று பேச்சு எழும். அவர்களுக்கு நன்றி நிறையவே உண்டு. நம் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சம். வழியில் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் அத்தோடு முடிந்தது. ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டு பாடுகிற உறவில் அப்படி முடிவதில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் வாராவாரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றாக வேண்டும். நல்ல மனதோடு நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்துவிடுவதால் வருகின்றன.

அவற்றுள் முதன்மையானது, மேடையில் வைத்துக் கொடுப்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பெயர் வாசிக்கிறார்கள். விதவைத் தாய் ஒருவர் முன்னே வந்து அரிசிப் பையையும் சேலையையும் வாங்குகிறார். போட்டோ எடுப்பவர், "அம்மா, கொஞ்சம் இப்படித் திரும்புங்கள்" என்கிறார். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் படம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. அவர் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள். மறுநாள் பள்ளியில் அந்தப் பெண் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

இந்த விஷயத்தில் வேதாகமம் மிக நுட்பமானது. நிலக்காரரான போவாஸ், கதிர் பொறுக்கத் தன் வயலுக்கு வந்த ஏழை விதவை ரூத்தைக் கூப்பிட்டு ஒரு மூட்டை வாற்கோதுமையைக் கையில் கொடுத்திருக்கலாம். அறுப்பு நடக்கும் இடத்தில் அவர் அப்படிச் செய்யவில்லை. தன் வேலையாட்களிடம், அறுத்த கதிர்களில் சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடச் சொன்னார். அவள் பொறுக்கும்போது அதட்டக் கூடாது என்றும் சொன்னார். அவள் தன் உழைப்பால் சேர்த்த தானியமாகவே அது வீடு போனது. உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் இன்னொரு கட்டளை உண்டு. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், அவன்தான் அதை எடுத்து வந்து தர வேண்டும். ஏழையின் வீட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பார்க்கும் உரிமை பணம் கொடுத்தவருக்கும் கிடையாது.

இன்றைக்கு இதைச் செய்வது கடினமல்ல. பள்ளிக் கட்டணமென்றால் நேராகப் பள்ளியில் கட்டி, ரசீதை மட்டும் பெற்றோரிடம் சேர்க்கலாம். மளிகைக் கடையில் அந்த வீட்டுக்குப் பற்றுக் கணக்கு இருந்தால், கடைக்காரரிடம் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கில் கழிக்கச் சொல்லலாம். யார் கொடுத்தது என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. சபை நிதியிலிருந்து போவதானால், ஆயரும் இன்னொருவரும் அறிந்தால் போதும்.

மேடை இல்லாமலும் இதே காயத்தை ஏற்படுத்தும் வழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் ஜெபக் குறிப்பு. "அந்தச் சகோதரருக்கு வேலை போய்விட்டது, வீட்டில் சண்டை, கடன்காரர்கள் வருகிறார்கள், பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிடுகிறோம். அவர் அதை நம் ஒருவரிடம் மட்டுமே நம்பிச் சொல்லியிருப்பார். ஜெபிப்பதற்கு இவ்வளவு விவரம் தேவையில்லை, பெயர்கூடத் தேவையில்லை. வெளியே சொல்லலாமா என்று சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தக் குடும்பத்தின் துயரத்தையும் குறிப்பாக வைக்கக் கூடாது.

அடுத்தது, காலம் பார்க்காமல் கொடுப்பது. நம் தாராளம் முழுவதும் டிசம்பரில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தேவை அந்த நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அரசு நிவாரணம் தருகிறது என்றாலும் படகுத் தொழிலாளியின் வீட்டில் அது நெருக்கடியான காலம். அந்த நெருக்கடி முடிவதற்குள் பள்ளி திறந்துவிடுகிறது: கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், பஸ் செலவு. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1இல் தொடங்கி ஜூலை 31 வரை நீள்கிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கோ நிலைமை வேறு. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் தண்ணீர் நின்று வேலை போய்விடும். அவருக்கு அக்டோபர் முதலே அரிசி தேவை. கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க முடியாது. உங்கள் சபையில் யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள், அவர்களுக்கு எந்த மாதம் கை வறண்டு போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காணிக்கையை எப்போது பிரித்துக் கொடுப்பது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

துக்க வீட்டிலும் இதே பிழை நடக்கிறது. அடக்க ஆராதனை முடிந்த முதல் மூன்று நாட்கள் டிபன் கேரியர்கள் வரிசையாக வரும். ஐந்து வீட்டுச் சாம்பாரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வீட்டார் திகைப்பார்கள். இரண்டாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். உண்மையான அலைச்சல் அப்போதுதான் தொடங்கும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், காஸ் இணைப்பின் பெயர் மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் படியேற வேண்டும். அதுவரை வங்கிப் பக்கமே போகாத ஒரு பெண்ணுக்கு, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் இரண்டு முற்பகல் கூடவே வந்தால், அது ஐந்து கேரியர் சாம்பாரைவிடப் பெரிய உதவி. "ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது: கேட்கும் பாரத்தையும் துக்கத்தில் இருப்பவர் தலையிலேயே வைத்துவிடுகிறோம். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், ஆதார் அட்டைகளை எடுத்து வையுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் தலையசைத்தால் போதும்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கும்பலாகப் போகக் கூடாது; சர்க்கரை நோயாளிக்குப் பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோகக் கூடாது. இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். பலர் கவனிக்கத் தவறுவது, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நாலைந்து இரவுகளாகக் கண் அயராமல் கிடக்கும் மனைவியையோ மகனையோ. "இன்றிரவு நான் இருக்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வாருங்கள்" என்பதுதான் அங்கே தேவைப்படும் வாக்கியம். அதைவிட்டு, "எதற்கு இந்தச் சோதனை வந்ததென்று யோசித்தீர்களா? குடும்ப ஜெபம் நடக்கிறதா?" என்று விசாரிப்பது கொடுமை. வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது.

பழைய துணி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் நிவாரணமாக வந்த பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. உங்கள் தங்கைக்கோ மைத்துனருக்கோ கொடுக்கக் கூசும் துணியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

குடும்பத்துக்குள் நடக்கும் தவறு ஒன்று பெரும்பாலும் பாராட்டுக்குள் மறைந்துவிடுகிறது. "கன்வென்ஷனுக்கு வரும் ஊழியர்கள் பதினைந்து பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு" என்று குடும்பத் தலைவர் கமிட்டியில் கை தூக்குவார். வெங்காயம் உரிப்பதும், மட்டன் கழுவுவதும், நள்ளிரவில் அண்டா தேய்ப்பதும் அவர் மனைவி. பெயர் அவருக்கு, முதுகுவலி அந்த அம்மாவுக்கு. அடுத்தவர் உழைப்பை எடுத்து நாம் தாராளம் காட்ட முடியாது. முதலில் வீட்டில் கேட்க வேண்டும். சரி என்றால் அரிவாள்மணையின் முன் தானும் உட்கார வேண்டும். வீட்டு வேலை செய்பவருக்கு மாதச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவதும் இந்த வகைதான். கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலைவரை வைத்திருக்கக் கூடாது என்று லேவியராகமம் நேராகவே சொல்கிறது. பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துத்தான் பழகுகிறார்கள். ஆலய வாசலில் அவர்கள் கையில் நாம் திணிக்கும் பத்து ரூபாய், அவர்களைப் பொறுத்தவரை அப்பாவின் பணம். தன் சேமிப்பிலிருந்து, தானே தீர்மானித்து இரண்டு ரூபாய் போடட்டும்.

ஏழைகளை எப்போதும் வாங்குகிறவர்களாகவே வைத்திருப்பதுதான் என்னை அதிகம் வருத்தும் தவறு. பழைய பிடி அரிசி வழக்கம் எவ்வளவு அழகானது! உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்து, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பண்ணையார் வீட்டுப் பிடியும் பனையேறி வீட்டுப் பிடியும் ஒரே அளவுதான். மிசோரம் சபைகள் இதே வழக்கத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை காத்து, அதில் வரும் வருமானத்தால் நற்செய்தி ஊழியர்களையே தாங்கி வருகின்றன. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து அசனப் பண்டிகை என்ற ஆலய விருந்திலும் இந்தச் சமத்துவம் உண்டு. அரிசி கொடுத்தவரும், விறகு பிளந்தவரும், ஒன்றும் கொடுக்க முடியாதவரும், வேறு மதத்தைச் சேர்ந்த பக்கத்துத் தெருக்காரரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். உங்கள் உதவியைப் பெறும் குடும்பத்திடமும் எதையாவது கேளுங்கள். கோலி விளையாடும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும்படி அந்த அக்காவிடமும், ஆலயத்தின் மின்விசிறியைச் சரிசெய்யும்படி அந்த அண்ணனிடமும் கேளுங்கள். கேட்கப்படுவதும் ஒரு மரியாதை.

கடைசியாக, உதவி நிதி யார் கையில் இருக்கிறது என்பது. இதைப் பேசச் சபைகள் தயங்குகின்றன. உறவுக்காரர்களுக்கும் சொந்தச் சாதியாருக்கும் முதலில் போய்ச் சேரும் உதவியை எத்தனையோ இடங்களில் பார்க்கிறோம். இது புதிதல்ல. வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், ஆதிச் சபையில் கிரேக்கு பேசிய விதவைகள் அன்றாட விநியோகத்தில் விடுபட்டார்கள். முறுமுறுப்பு எழுந்ததும் அப்போஸ்தலர்கள் அதை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போனதாகத்தான் தெரிகிறது. உங்கள் சபையில் யாருக்கு உதவி எட்டவில்லையோ, அவர்களில் இருவரைக் கமிட்டியில் உட்கார வையுங்கள். கொடுக்கும் பணம் கைமாற்றா, அன்பளிப்பா என்பதை அன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆண்டுக் கணக்கில் எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தொகை, எந்தத் தேவைக்கு என்று வாசியுங்கள். பெயர்களை வாசிக்க வேண்டாம்.