சொந்தக் கதையை ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சிலர் கூடுகிறோம். வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதையே ஆடிப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அழுகையில்தான் தொடங்குகிறார்கள். "எங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கு" என்றதுமே கை நெஞ்சுக்குப் போய்விடும், முகம் கோணும். அது சினிமாவில் பார்த்துப் பழகிய அழுகை. நம் உடம்பு பட்டது அதற்கு அடியில் மறைந்துவிடுகிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் அப்படித் தொடங்கினார். "அக்கா, சேதி வந்தப்போ கை இன்னா செஞ்சினு இருந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். இடது கையில் இல்லாத சங்கரா மீனைப் பிடித்துக்கொண்டு வாலிலிருந்து தலைப் பக்கமாகச் செதில் சுரண்டினார். பாதியில் கை நின்றது. மாடியில் யாரும் அசையவில்லை.

எல்லாத் துக்கத்தையும் ஒரே அழுகையாக அழுவதும் தவறுதான். தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மைக் கேவலமாக நடத்தியது, பறிகொடுத்தது, இருந்த நிலை கெட்டது, இல்லாமை. பின்னி மில் தொழிலாளி ஒருவரின் மகள் அப்பாவின் சாவை ஆட வந்தார். ஆட ஆட, தன்னை அறுத்தது 1996இல் மில் மூடிய பிறகான காலைகள் என்று அவருக்கே புரிந்தது. சங்கு ஊதும் நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். இழவு என்று அவர் நினைத்திருந்தது அசைவு.

பிறந்ததிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் ஆடிவிடப் பார்க்காதீர்கள். பரதநாட்டியத்தில் பதம் என்கிற பாட்டுக்கு ஆடும்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் அதற்கு வேறொரு பொருள் காட்டுவார். அதுபோல ஒரு நொடியை எடுத்துக்கொண்டு, முதலில் உங்கள் பக்கம் நின்று ஆடுங்கள், அப்புறம் எதிரே நின்றவர் பக்கம் போய் ஆடுங்கள்.

"எனக்கு டான்ஸ் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடி, போனவரின் வாழ்க்கையைச் சொல்கிற ஊர் இது. சட்டி மேளத்துக்கு ஆடிய கால்கள் போதும். சிமென்ட் தரையில் ஓங்கி மிதிக்காதீர்கள், முட்டி போய்விடும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் ஆடியதைச் செல்போனில் பிடித்து, அவரைக் கேட்காமலே நாலு பேருக்குக் காட்டினேன். அவர் வீட்டில் பெரிய சண்டை. அப்புறம் அவர் வரவே இல்லை. இப்போது போன்களெல்லாம் கீழே இருக்கும்.

ஆடும்போது ஒருவர் நடுங்கினால் அங்கேயே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அந்த வேலையை ஆட்டம் செய்யாது.

கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டதாக முடிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். மீன்கார அக்காவிடம் "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டபோது, நின்ற கை மறுபடி சுரண்டத் தொடங்கியது.

"ஆளுங்க நின்னுனு இருந்தாங்கோ. மீனை அரிஞ்சு குடுத்துட்டுத்தான் போனேன்."