வெயிலுக்கு ரோமானியச் சிப்பாய் குடித்த போஸ்கா

ரோமானியர் பழக்கம் எதையாவது வீட்டில் முயன்று பார்க்க ஆசையா? அவர்கள் உடம்பில் சுற்றிய நீளத் துணியான டோகாவை விட்டுவிடுங்கள், அதைத் தனியாளாகச் சுற்றிக்கொள்வது பெரும்பாடு. போஸ்காவில் தொடங்குங்கள். திராட்சை வினிகரைத் தண்ணீரில் கலந்தால் போஸ்கா, அவ்வளவுதான். சிப்பாய்களும் அடிமைகளும் ஏழைகளும் அன்றாடம் குடித்த மலிவான பானம் இது. ரோமானியத் தளபதியும் அரசியல்வாதியுமான மூத்த கேட்டோ படையெடுப்புகளில் தண்ணீர்தான் குடிப்பார், தாகம் தாங்காதபோது மட்டும் வினிகர் கேட்பார் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

அளவு எதையும் அவர்கள் எழுதி வைக்கவில்லை, அதனால் நாக்குதான் கணக்கு. பெரிய டம்ளர் நிறைய குளிர்ந்த தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிவப்பு ஒயின் வினிகர், சிட்டிகை உப்பு, புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் கொஞ்சம் தேன். இரண்டு மூன்று கொத்தமல்லி விதையை நசுக்கிப் போட்டு அரை மணி நேரம் விட்டு வடிகட்டினால் வாசம் தூக்கலாக இருக்கும். கடையில் வினிகர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: 'சிந்தெடிக்' என்றிருந்தால் அது வெறும் அசிட்டிக் அமிலக் கரைசல், ஊறுகாய்க்குச் சரி, இதற்கு வேண்டாம். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், கண்ணாடியே போதும். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் பக்கமே போக வேண்டாம், மற்றவர்கள் குடித்ததும் வாயைக் கொப்பளித்துவிடுங்கள், பல் எனாமலுக்கு நல்லது.

அப்புறம், டிசம்பர் 17-இல் தொடங்கிய சாட்டர்னாலியா என்ற ரோமானிய விழாவில் எஜமானர்களே அடிமைகளுக்குப் பரிமாறிய வழக்கமும் இருந்தது. அன்று ஒரு நாளாவது வீட்டில் தினமும் சமைப்பவரை உட்கார வைத்து மற்றவர்கள் பரிமாறலாம், பாத்திரம் கழுவுவதும் சேர்த்துத்தான்.